ஒரே திரையில் எழுத்தும் முகமும்

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் மழை. இது ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். ஹட்டனில் மழை பெய்யாவிட்டால்தான் செய்தி.

விஷயம் வேறு. அந்த மழையில், டவுனுக்குச் சற்று மேலே ஒரு தகரக் கூரை வீட்டில், ஒரு லேப்டாப்புக்கு முன்னால் நாங்கள் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தோம். நாலாவது ஆள் சமையலறையில் இருந்தார்... வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு. கூரையில் அடித்த மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. பரவாயில்லை. அன்றைக்கு அங்கே கேட்பதற்கு ஒன்றும் இல்லை. பார்ப்பதற்குத்தான் இருந்தது.

முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பக்கத்து வீட்டு மல்லிகா டீச்சருக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. நாற்பதைத் தாண்டியவர். வீட்டு முன்னறையில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வகுப்பு நடத்துகிறார். தோட்டங்களிலிருந்து அம்மாமார் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். டீச்சர் நம் உதட்டைப் பார்த்தே நாம் சொல்வதைப் பிடித்துவிடுவார். பேசவும் செய்வார். பழகாதவர்களுக்கு விளங்கக் கொஞ்ச நாள் எடுக்கும். எனக்குப் பழகிவிட்டது. அவரோடு பேசும்போது நான் முகத்தைத் திருப்ப மாட்டேன், அவசரப்பட மாட்டேன், வாயில் எதையும் மெல்ல மாட்டேன். வேறு யாரிடமும் நான் இவ்வளவு மரியாதையாகப் பேசுவதில்லை என்பது என் கணவரின் புகார்.

அந்த வீட்டில் மல்லிகாவோடு இருப்பவர் வசந்தா அக்கா. மல்லிகாவின் அண்ணி. அண்ணன் சந்திரன் கல்யாணம் முடித்து இரண்டு வருஷத்துக்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அண்ணி பூண்டுலோயாவில் இருக்கும் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அப்பா அம்மாவையும் இழந்து போர்டிங் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த நாத்தனாருக்கு லீவுக்கு வந்துபோக ஒரு வீடு வேண்டுமே என்று இங்கேயே தங்கிவிட்டார். இப்போதும் இருவரும் ஒரே வீடுதான், ஒரே அடுப்புதான், ஓயாத சண்டைதான்.

சந்திரன் இளம் வயதில் கொழும்பில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை பொண்ணு படத்துக்கு மேலே அவர்கள் பெயர் எழுத்தாக வரும் இல்லையா? அந்த எழுத்தைப் போடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருந்திருக்கிறது. ஸ்டூடியோ புது மெஷின் வாங்கியதும் பழையது இவர் கைக்கு வந்தது. அதை ஹட்டனுக்குக் கொண்டுவந்து, டவுனில் ஒரு சின்ன அறை எடுத்து, டைட்டில் போட்டுக் கொடுக்கும் தொழில் நடத்தியிருக்கிறார்.

வேலை இல்லாத நேரத்தில் அந்த மெஷினில் இன்னொன்றும் செய்தார். தங்கச்சிக்கு எழுத்து சொல்லிக் கொடுக்க ஒரு புரோகிராம்.

அப்போது மல்லிகாவுக்கு எட்டு வயது இருக்கும். எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன பிறகு அண்ணன்தான் அந்த அறைக்குக் கூட்டிப் போவார். கறுப்புத் திரையில் ‘அ’ என்று ஒரு எழுத்து வரும். பிறகு அண்ணனுடைய முகம் வரும். அந்த முகம் வாயைத் திறந்து ‘அ’ என்று சொல்லும். எழுத்தும் முகமும் ஒரே திரையில்.

இதை அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. ஒரு மழைக்காலத்து ஈரத்தில் மெஷின் செத்துப்போனது. அடுத்து அண்ணன் கல்யாணம், அப்புறம் மல்லிகாவுக்குக் காது கேளாதோர் பள்ளியில் போர்டிங், அப்புறம் அண்ணனே இல்லை.

மல்லிகா பெரியவளாகி இதைச் சொன்னபோது சொந்தபந்தத்தில் யாரும் நம்பவில்லை. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் முகம் அசையுமா? அது சினிமாவா? சில வருஷங்களுக்கு முன்னால் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு சொந்தக்காரர், அந்தப் புரோகிராம் இருந்த பழைய ஃப்ளாப்பி டிஸ்க்குகளைக் கொண்டுபோய் எப்படியோ ஓட்டிப் பார்த்தார். எழுத்துகள் வந்தன. ‘அ’, ‘ஆ’, ‘இ’... வரிசையாக வந்தன. முகம் வரவில்லை. சின்ன வயசு, அண்ணன்மேல் ஆசை, கனவு கண்டிருப்பே என்று முடித்துவிட்டார்.

அது மல்லிகாவை எப்படி உடைத்தது என்று அண்ணிதான் என்னிடம் சொன்னார். காரணம் இருக்கிறது. சந்திரனின் போட்டோ என்று அந்த வீட்டில் இருப்பது கல்யாண போட்டோ ஒன்றுதான். அதிலும் மாலைக்குள்ளே பாதி முகம். மல்லிகாவின் மனதில் இருக்கும் அண்ணன் அந்தத் திரையில் வந்த அண்ணன்தான். அது கனவு என்றால்... தனக்கு அண்ணன் முகமே தெரியாது என்று அல்லவா ஆகிறது? கொஞ்ச நாளில் அவரே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்.

இதை நான் நிரோஷாவிடம் சொல்லப் போய்த்தான் எல்லாம் ஆரம்பமானது.

நிரோஷா உடப்புசல்லாவை ஊர்ப் பிள்ளை. கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை செய்கிறாள். இந்தப் பத்தியை வாசித்துவிட்டு வாராவாரம் போன் போட்டுத் திருத்தம் சொல்கிற வாசகி. அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு — எமுலேட்டர். செத்துப்போன பழைய கம்ப்யூட்டர் போலப் புதுக் கம்ப்யூட்டரை நடிக்க வைப்பது. பழைய புரோகிராம், தான் இன்னும் அந்தப் பழைய பெட்டிக்குள்ளேதான் ஓடுகிறோம் என்று நம்பிக்கொண்டு ஓடுமாம். இதில் சம்பளம் கிடையாது. உலகம் முழுக்க இப்படி ஒரு கூட்டம் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறதாம்.

ஃப்ளாப்பிகள் அண்ணியிடம் இருந்தன. பிஸ்கட் டின்னில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருந்தார். எங்கள் ஊர் ஈரத்தில் செருப்பு, பெல்ட், ஆல்பம் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பூக்கும். அந்த டின்னுக்குள் மட்டும் பூக்கவில்லை. ஃப்ளாப்பியைப் படிக்கும் பழைய டிரைவ் ஒன்றைக் கண்டிப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் நிரோஷா கண்டுபிடித்தாள். “மேக மொனவத மிஸ்?” — இது என்ன மிஸ் என்று முதலாளி சிங்களத்தில் திருப்பித் திருப்பிக் கேட்டாராம். விற்பவருக்கே அது என்ன சாமான் என்று தெரியவில்லை.

முதல் தடவை ஓட்டியபோது அவளுக்கும் எழுத்து மட்டும்தான் வந்தது.

ஆனால் நிரோஷா கனவு என்று சொல்லவில்லை. புரோகிராம் உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்தாள். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

“அக்கா, இது எழுத்த அனுப்புது, அது சரி. அதோட இன்னொரு எடத்துக்கும் ஏதோ நெறைய அனுப்பிக்கிட்டே இருக்கு. அங்க வாங்குறதுக்கு யாருமே இல்ல.”

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அந்தப் பெட்டிக்குள் திரைக்குப் படம் அனுப்பும் கார்டு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று எழுத்துக்கு. இன்னொன்று கேமராவிலிருந்து படம் பிடித்து வைத்துக் காட்டுவதற்கு. ஆனால் மானிட்டர் ஒன்றுதான். யார் எப்போது திரைக்கு வருவது என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு டிவி. அவருக்குக் கிரிக்கெட், எனக்கு சீரியல். ஆகவே இந்தப் பிரச்சினை எனக்கு உடனே விளங்கிவிட்டது.

எமுலேட்டருக்கு முதல் கார்டு தெரியும். இரண்டாவது கார்டை அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது பிரபலமில்லாத கார்டு. இணையத்தில் தேடினாலும் ஒரு பக்க விளக்கம்கூட இல்லை. கேட்பாரில்லாமல் போய்க்கொண்டிருந்த அந்தத் தகவலை நிரோஷா பிடித்துச் சேமித்தாள். வரிசையாக அடுக்கிப் பார்த்தாள். முதலில் சாய்வாகக் கோடு கோடாக வந்ததாம். வரியின் நீளத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் கோடுகள் நிமிர்ந்தன.

ஒரு மனிதனின் முகம். சாம்பல் நிறத்தில், புள்ளி புள்ளியாக.

அதை அவள் எனக்கு அனுப்பியபோது காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றியது கோப்பைக்கு வெளியே போனது தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக யாரும் பார்க்காத முகம். அதற்கு முன்னாலும் திரையில் அதைப் பார்த்தது ஒரு தங்கச்சி மட்டும்தான்.

உடனே மல்லிகாவிடம் ஓடப் பார்த்தேன். நிரோஷா தடுத்துவிட்டாள். இப்போது காட்டினால் அவருக்கு ஞாபகம் இருப்பதும் இப்போது பார்ப்பதும் கலந்துவிடும் என்றாள். எழுத்தும் முகமும் திரையில் எப்படிச் சேர்ந்தன என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. இரண்டையும் தனித்தனி விண்டோவில் காட்டுவது சுலபம், ஆனால் அது சந்திரன் செய்தது இல்லை. “அவங்க பாத்தத அவங்களையே மொதல்ல சொல்லச் சொல்லுங்கக்கா.”

நான் மல்லிகா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. அந்தத் திரையில் என்னென்ன எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். அவர் போனை எடுத்து நீளமாக டைப் செய்தார்.

எழுத்து வாயை ஒருநாளும் மறைக்காது, ஓரமாகக் கன்னத்துப் பக்கம் நிற்கும். முதலில் எழுத்தைச் சுற்றிக் கறுப்பாக இருக்கும். முகம் வந்ததும் அந்தக் கறுப்பு இருந்த இடமெல்லாம் முகமாகிவிடும், எழுத்து மட்டும் அப்படியே நிற்கும். இவ்வளவும் எழுதிவிட்டு, கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும் எழுதினார். தான் எப்போதும் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்திருப்பாராம். முகம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பெட்டி ஒரு தடவை துடிக்கும். முகம் போகும்போதும் ஒரு தடவை.

அதை அப்படியே நிரோஷாவுக்கு அனுப்பினேன். வாசித்துவிட்டாள் என்று போன் காட்டியது. நானே அழைத்தேன்.

“அக்கா... நான் தேடிக்கிட்டிருந்த வெளக்கப் புத்தகமே இதுதான். அந்தத் துடிப்பு கார்டுக்குள்ள இருக்குற சுவிட்ச். ஒரு கார்டுகிட்டயிருந்து மானிட்டர வாங்கி மத்த கார்டுக்கு குடுக்குற சுவிட்ச். காது கேக்குறவங்க அத கவனிச்சிருக்கவே மாட்டாங்க.”

கறுப்பு இருக்கும் இடத்திலெல்லாம் படத்தை விடு. எழுத்து இருக்கும் இடத்தில் எழுத்தை விடு. இதுதான் அந்த இரண்டு கார்டுகளுக்கும் நடுவில் இருந்த ஒப்பந்தம். மாப்பிள்ளை பொண்ணு பெயருக்காக யாரோ ஒரு எஞ்சினியர் யோசித்து வைத்தது. அதை எங்கும் எழுதி வைத்தவர் இல்லை. எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணிலும் உள்ளங்கையிலும் பத்திரமாக இருந்திருக்கிறது.

அன்றைக்கே ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்துகொண்டு நிரோஷா வந்து சேர்ந்தாள். முன்னறையில் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகள்தான் இருந்தன. அதிலேயே உட்கார்ந்தோம். அண்ணியைக் கூப்பிட்டேன். அடுப்பில் வேலை இருக்கிறது, நீங்கள் பாருங்கள் என்றார். என்ன வேலை என்று எனக்குத் தெரியும். அவருக்குப் பயம். ஒன்றும் வராவிட்டால் மல்லிகாவை மறுபடியும் தேற்ற வேண்டும். வந்துவிட்டால் தன்னைத் தேற்ற ஆள் வேண்டும்.

நிரோஷா தன் போனை மல்லிகாவின் உள்ளங்கையில் வைத்தாள். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை.

கறுப்புத் திரை. ‘அ’ வந்தது. கட்டம் கட்டமாக, கையால் வரைந்த மாதிரி ஒரு ‘அ’.

மல்லிகாவின் கையில் போன் ஒரு தடவை துடித்தது.

அவர் நிரோஷாவைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. அதற்குள் கறுப்பெல்லாம் கரைந்து முகம் வந்துவிட்டது. இருபது வயதிருக்கும் ஒரு பையன். தலைமுடியைப் படிய வாரியிருந்தான். கன்னத்தோரம் ‘அ’ நின்றது. வாய் திறந்தது — சினிமா போல இல்லை, மூன்று நாலு படங்களாக, விட்டு விட்டு. ஆனால் ‘அ’ என்று சொன்னது எனக்கே தெரிந்தது.

மல்லிகா அழவில்லை. கத்தவில்லை. அந்த உதட்டோடு சேர்ந்து தன் வாயையும் திறந்தார். ‘ஆ’ வந்தபோதும் அப்படியே. ‘இ’ வந்தபோதும்.

அடுப்படியில் நிற்க மனம் கேட்கவில்லையோ என்னவோ, ‘உ’ வந்தபோது அண்ணி சமையலறை வாசலில் நின்றார். கையில் கரண்டி இருந்தது. திரையையே பார்த்தார். மழை கொஞ்சம் விட்டிருந்ததால் அவர் சொன்னது கேட்டது.

“பொண்ணு பாக்க வந்தப்ப இப்பிடித்தான் இருந்தாரு. மீசையில்லாம. எங்க வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க. ஏன் மீசைய எடுத்தீங்கன்னு கல்யாணத்துக்குப் பெறகு எத்தனையோ தடவ கேட்டேன். சொல்லவேயில்ல மனுஷன்.”

மல்லிகா அண்ணியின் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன் விரலை மேலுதட்டின்மேல் வைத்துக் காட்டினார். மீசை இருந்தால் மேலுதடு தெரியாது. உதடு தெரியாவிட்டால் பிள்ளை எதைப் பார்த்துப் படிக்கும்? தன் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாமாருக்கு அவர் முதல் நாளே சொல்வது இதைத்தான் — மீசையைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டு வாங்க.

பொண்ணு பார்க்கப் போகும் நாளில்கூட மீசை வைக்காத ஒரு பையன். அந்தக் காலத்தில். எங்கள் ஊரில்.

அண்ணி கரண்டியோடு ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

உயிரெழுத்துகள் முடிந்தன. கடைசியாக ஒரு ஃப்ளாப்பி மிச்சமிருந்தது. அதில் எழுத்து எதுவும் இல்லை, படங்கள் மட்டும்தான் என்று நிரோஷா சொன்னாள். ஏதாவது வேண்டாத படங்களாக இருக்கும் என்று நினைத்து அவள் அதைச் சரியாகப் பார்க்கவில்லையாம். இருந்தாலும் போட்டாள்.

போன் துடித்தது. அதே முகம். கன்னத்தோரம் எழுத்து இல்லை. அந்த முகம் நேராக எங்களைப் பார்த்து ஏதோ பேச ஆரம்பித்தது. ஒரு எழுத்து இல்லை, நீளமான பேச்சு. விட்டு விட்டு, வெட்டி வெட்டி, சத்தமில்லாமல். கடைசியில் லேசாகச் சிரித்தது. திரை கறுத்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிரோஷாவுக்கும் விளங்கவில்லை. இரண்டு கார்டையும் ஒரு திரைக்குக் கொண்டுவந்தவள் அவள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்கு வெறும் படம்தான். கட்டிக்கொண்ட மனைவிக்கும் தெரியவில்லை.

“மல்லிகா,” என்று அண்ணி அவர் தோளைத் தொட்டுத் திருப்பினார். “என்னா சொல்றாரு?”

மல்லிகா இன்னொரு தடவை போடச் சொல்லிக் கையைக் காட்டினார். நிரோஷா போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். பிறகு மல்லிகா எங்கள் பக்கம் திரும்பி, அவருடைய குரலிலேயே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“மல்லிகா, இத நீ வாசிச்சிட்டேன்னா, ஓடி வந்து அண்ணன்கிட்ட சொல்லு.”

இது தனக்கு ஞாபகம் இருக்கிறது என்றார் பிறகு. பாடம் முடிந்ததும் அண்ணன் இதையும் போடுவார். அந்த வயதில் எழுத்துக்கு வாய் எப்படிப் போகும் என்பது மட்டும்தான் தெரியும். முழுப் பேச்சு பிடிபடாது. அண்ணன் கோமாளித்தனம் செய்கிறார் என்று நினைத்துச் சிரிப்பாராம். இது ஓடும்போது அண்ணன் திரையைப் பார்க்க மாட்டார், இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் என்று அப்போது தெரியாது. உதட்டைப் படிக்க நன்றாகக் கற்றுக்கொண்டு போர்டிங்கிலிருந்து வந்தபோது, மெஷினும் இல்லை... சொல்வதற்கு அண்ணனும் இல்லை.

பிறகு மல்லிகா எழுந்தார். அந்த அறையில் நாலு எட்டு வைக்கக்கூட இடம் இல்லை. இருந்தாலும் ஓடினார். அண்ணியின் முன்னால் மண்டியிட்டு, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“வாசிச்சிட்டேன்.”

அண்ணி அவர் முகத்தைப் பார்த்து, உதடு நன்றாகத் தெரியும்படி, மெதுவாகச் சொன்னார். “சரி சாமி. நல்லா வாசிச்ச.”

நிரோஷா லேப்டாப்பைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை ‘நான் பார்த்தேன்’ என்று அடித்துச் சொன்னால்... கனவு என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்.